அரக்கனுக்குப் பட்டா உண்டா?

— ஒரு ரயில்வே குமாஸ்தா



பேய்க்கும் பூதத்துக்கும் பட்டா உண்டா என்று ஓராண்டுக்கு முன் எவரேனும் எம்மை வினவியிருந்தால் நகைத்திருப்போம். நகைத்ததோடு நில்லாமல், தெரிந்தவர் போல ஒரு விடையும் சொன்னோம். அந்த விடை தவறு. அதன் விலை ரூபாய் 2,200. அந்தக் கதையையும், அதன் பயனாக யாம் கற்றவற்றையும் நம் வீட்டுப் பிள்ளைகளின் பொருட்டு இங்கே எழுதுகிறோம்.

ஸ்ரீராமபுரத்தில் வசிக்கும் எமது தமக்கையார் வீட்டில் ஞாயிறுதோறும் மாலையில் ஐந்து பிள்ளைகள் கூடுவர். அவர்களுள் ஒருவன் எம் மருமகன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மேசையைச் சுற்றி அமர்ந்து காகிதம், பென்சில், வினோதமான காய்கள் ஆகியவற்றைப் பரப்பிக்கொண்டு மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பர். சூதாட்டமோ என்று முதலில் ஐயுற்றோம். அருகிலிருந்து கவனித்தபோதுதான் அது கதை சொல்லும் விளையாட்டு என்று தெரிந்தது.

தாயக்கட்டமும் பரமபதமும் ஆடி வளர்ந்த நமக்கு இது விளங்காத ஒன்றன்று. ஒருவர் ஆட்டத் தலைவராக இருந்து கதையை நடத்துவார். மற்றவர் ஒவ்வொருவரும் அக்கதையில் ஒரு பாத்திரத்தை ஏற்பர். "சுரங்க வாயில் இருண்டு கிடக்கிறது. உள்ளே ஏதோ உறுமுகிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று தலைவர் கேட்பார். "விளக்கை ஏற்றுகிறேன்" என்பான் ஒருவன். "ஓடிவிடுகிறேன்" என்பாள் ஒருத்தி. செய்கை பலித்ததா இல்லையா என்பதை 20 முகங்கள் கொண்ட ஒரு காய் தீர்மானிக்கும். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது.

இவ்விளையாட்டுக்கு விதிநூல் ஒன்று வேண்டும். சாகச ஏடு ஒன்றும் வேண்டும். சாகச ஏடு என்பது ஆட்டத் தலைவர் நடத்துவதற்கான கதைத் திட்டம். எந்த ஊர், எந்தக் குகை, அங்கே எந்தப் பூதம், அதற்கு வலிமை எவ்வளவு என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். விதிநூலை வெளியிட்ட கம்பெனியைச் சேராத வெளியார் பலரும் இத்தகைய ஏடுகளை எழுதி விற்கிறார்கள்.

எம் மருமகன் குழுவினரும் ஓர் ஏடு எழுதினர். அதுவும் தமிழில் எழுதினர். 2001-ல் மூடப்பட்ட கோலார் தங்கவயல் சுரங்கத்தில் நடப்பதாகக் கதை. சுமார் 3 கிலோமீட்டர் ஆழம் சென்ற அச்சுரங்கத்தில் தலைமுறை தலைமுறையாக நம்மவர் உழைத்தார்கள் என்பதை அறியாதார் யார்? குழுவிலுள்ள ஒரு பெண்ணின் பாட்டனாரும் அங்கே உழைத்தவரே. 24 பக்கங்கள். பொங்கல் விழாவில் விற்பதற்கு 60 பிரதிகள் அச்சிட ரூபாய் 6,000 தேவைப்பட்டது. ஆயத்த ஆடை ஆலையில் தையல் வேலை செய்யும் எமது தமக்கையார் சீட்டுப் பணத்திலிருந்து அதைக் கொடுத்தார்.

அச்சுக்குப் போகுமுன் மருமகன் எம்மிடம் வந்து, "மாமா, இதிலுள்ள பூதங்களையெல்லாம் நாங்கள் அந்த அமெரிக்க விளையாட்டிலிருந்து எடுத்திருக்கிறோம். விற்கலாமா?" என்று கேட்டான்.

"பூதம் பேயெல்லாம் ஊர்ப் பொதுச்சொத்து. அதற்குப் பட்டா ஏது? தாராளமாக விற்கலாம்" என்றோம்.

எமது உத்தியோகம் பார்சல் ஆபீசில். சரக்குச் சீட்டின் ஷரத்துகளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள் என்று நாள்தோறும் பொதுமக்களுக்குச் சொல்லும் யாம், ஒரு ஷரத்தையும் படியாமல் இவ்வாறு தீர்ப்பளித்தோம்.

அறுபது பிரதிகளும் அச்சாகி வந்த மறுநாள், குழுவிலிருந்த அந்தப் பெண் தன் கைப்பேசியில் எதையோ ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முகம் வாடினாள். அட்டையிலும் நடுப் பாரத்திலும் இடம்பெற்ற முக்கியமான பூதம் பொதுப் பட்டியலில் இல்லை!

நிற்க. அந்தப் பொதுப் பட்டியல் யாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

1997-ல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்னும் கம்பெனி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை வைத்திருந்த பழைய கம்பெனியை வாங்கிற்று. 2000-ஆம் ஆண்டில் அது புதுமையான காரியம் ஒன்றைச் செய்தது. விளையாட்டின் அடிப்படை விதிகளையும், பல நூறு பூதங்களின் வலிமைப் பட்டியல்களையும் ஓர் ஆதாரத் தொகுப்பாக வெளியிட்டு, குறித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு எவரும் அதைப் பயன்படுத்திப் புத்தகம் எழுதலாம், விற்கலாம், பங்குத்தொகை தரவேண்டியதில்லை என்று ஒரு திறந்த அனுமதிப் பத்திரத்தையும் வழங்கியது. சாகச ஏடுகள் பெருகினால் விதிநூலும் விற்கும் என்பது அக்கம்பெனியின் கணக்கு. கடைத்தெருவுக்குக் கூட்டம் வந்தால் எல்லாக் கடைக்கும் வியாபாரம் நடக்கும் என்பது போன்றது அது.

ஆயினும் கம்பெனி எல்லாவற்றையும் திறந்துவிடவில்லை. தன் சொந்தக் கற்பனையென்று சில பூதங்களைப் பெயர் சொல்லி ஒதுக்கி வைத்துக்கொண்டது. பெரிய ஒற்றைக் கண்ணும், தலைமீது பாம்புகள் போல் நெளியும் பத்துச் சிறு கண்களும் உடைய பிஹோல்டர் என்னும் மிதக்கும் பூதம் அவற்றுள் ஒன்று. மூளையைத் தின்னும் மைண்ட் ஃபிளேயர் மற்றொன்று. 'டன்ஜன் மாஸ்டர்' என்ற பட்டப்பெயர்கூட அந்த ஒதுக்கீட்டில் அடங்கியது. வெளியார் ஏடுகளில் வேறு பெயர் காணப்படுவதன் காரணம் அதுவே. நம் பிள்ளைகளின் அட்டையில் தங்கச் சுரங்கத்துக்குள் மிதந்துகொண்டிருந்தது அந்தப் பிஹோல்டர்தான்!

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. தொடக்க காலத்தில் இவ்விளையாட்டே பிறர் படைப்பிலிருந்து கடன் வாங்கியதாகும். ஆங்கில நாவலாசிரியர் டோல்கியன் படைத்த ஹாபிட் என்னும் குள்ள மனிதர் அதில் உலவினர். உரிமையாளரிடமிருந்து ஆட்சேபம் எழவே, 1970-களின் பிற்பகுதியில் அவர்கள் 'ஹாஃப்லிங்' ஆயினர். பால்ராக் என்னும் தீப்பூதம் 'பாலோர்' ஆயிற்று. கடன் வாங்கியவர் பெரியவராயினும் சிறியவராயினும் சட்டம் ஒன்றே.

அப்படியானால் நம் புராண அரக்கனின் கதி என்ன? அன்பர்களுக்கு இது வியப்பளிக்கும். நம்முடைய ராக்ஷஸன் 1975-லேயே இவ்விளையாட்டில் புகுந்துவிட்டான். அவர்கள் புத்தகங்களில் அவன் புலித்தலையும் புறம் திரும்பிய உள்ளங்கையும் உடையவனாகக் காட்சியளிக்கிறான். இராமாயணம் கேட்டு வளர்ந்த நாம் அப்படி ஓர் அரக்கனை அறியோம். பொதுத் தொகுப்பின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவனுக்கு 110 உயிர்ப்புள்ளிகள். சிறுதர மந்திரங்கள் அவனிடம் பலிக்கமாட்டா. நல்லவர் கையிலுள்ள மந்திர சக்தி வாய்ந்த கூர்முனைக் கருவி மட்டும் அவனை மிகுதியாக வருத்தும். இராமபாணத்தின் எதிரொலி இதுவோ என்று எமக்குத் தோன்றிற்று. நாகமும் அத்தொகுப்பில் உண்டு.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. ராக்ஷஸன் என்ற பெயரும் கருத்தும் எவருக்கும் தனியுடைமை அல்ல. அத்தொகுப்பிலுள்ள எண்களும் விதிச் சொற்களும் கம்பெனி எழுதியவை. ஆனால் அனுமதி பெற்றவை. கம்பெனிப் புத்தகத்திலுள்ள புலித்தலை ஓவியமோ அந்த ஓவியருக்கும் கம்பெனிக்கும் உரியது. அதற்கு அனுமதி இல்லை. ஆக, ஒரே அரக்கனிடத்தில் மூவகை உரிமை கிடக்கிறது. பெயரை எடுக்கலாம், எண்களை நன்றி கூறி எடுக்கலாம், படத்தை எடுக்கலாகாது. பத்துத்தலை இராவணனை நாமே வரைந்துகொண்டால் தடுப்பார் இல்லை.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு மாறுபட்டதன்று. வெறும் கருத்துக்கும் பழங்கதைப் பொருளுக்கும் பதிப்புரிமை இல்லை, அதைச் சொல்லிய விதத்துக்கே உரிமை உண்டு என்று 1978-ல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தபின் அவர் நூல் பொதுவாகிவிடும்.

திறந்த அனுமதி என்பது தமிழருக்குப் புதிதும் அன்று. 1921-ல் மறைந்த மகாகவி பாரதியாரின் நூலுரிமையைச் சென்னை அரசு 1949-ல் தன்வசமாக்கிக்கொண்டது. தம்மிடமிருந்த ஒலிப்பதிவு உரிமையை ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் விலை பெறாமல் ஒப்படைத்தார். பின்னர் அந்நூல்கள் மக்களுக்குப் பொதுவாயின. அதன் பிறகு எத்தனையோ ஆசிரியர்களின் நூல்களை அவர்தம் வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை தந்து தமிழக அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது. மலிவு விலையில் பத்துப் பதிப்பகங்கள் ஒரே நூலை வெளியிடுவது அதனாலன்றோ?

ஆனால் கொடுத்தவர் திரும்பப் பெற முயன்றால் என்னாகும்? அதுவும் நடந்தது. 2023 ஜனவரித் தொடக்கத்தில் அந்த அமெரிக்கக் கம்பெனியின் புதிய பத்திர நகல் ஒன்று வெளியே கசிந்தது. பழைய அனுமதி இனிச் செல்லாது. ஆண்டுக்கு 7,50,000 டாலருக்கு மேல் வருமானம் பெறுவோர் மிகுதித் தொகையில் நூற்றுக்கு 25 வரை பங்கு தரவேண்டும். வெளியார் எழுதியதைக் கம்பெனி விலையின்றிப் பயன்படுத்தலாம் என்றெல்லாம் அதில் கண்டிருந்தது. இருபது ஆண்டுகளாக அந்த அனுமதியை நம்பித் தொழில் நடத்திய சிறு பதிப்பாளர்கள் கொதித்தெழுந்தனர். பைசோ முதலிய பதிப்பகங்கள் தமக்கெனத் தனி அனுமதிப் பத்திரம் ஒன்றை இயற்றத் துணிந்தன. 'ஆர்க்' என்னும் அப்பத்திரம் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. கம்பெனி கருத்துக் கேட்டபோது 15,000-க்கு மேற்பட்டோர் விடையளித்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பழைய பத்திரத்தை ஒழிப்பதை எதிர்த்தனர்.

முடிவில் 2023 ஜனவரி 27-ஆம் நாள் கம்பெனி பணிந்தது. பழைய பத்திரத்தைத் தொடவில்லை. ஆதாரத் தொகுப்பு முழுவதையும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் உலகப் பொது அனுமதியின் கீழ் வெளியிட்டது. ஆசிரியரைக் குறிப்பிட்டால் போதும், எவரும் பயன்படுத்தலாம். நிபந்தனைகளை மீறாதவரை கொடுத்தவர் அதைத் திரும்பப் பெற இயலாது என்பது அவ்வனுமதியின் சிறப்பு. 2025-ல் வந்த புதிய தொகுப்பும் அதே அனுமதியின் கீழ்த்தான் வெளியாயிற்று. பிஹோல்டரின் வலிமைப் பட்டியல் இவ்விரண்டிலும் இல்லை.

இனி நம் கதைக்கு வருவோம்.

அன்றிரவு பிள்ளைகள் ஐவரும் கலந்து பேசினர். "அறுபது பிரதிதானே, அமெரிக்காவிலிருந்து யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்றான் ஒருவன். அது உண்மைதான். பெயரை மட்டும் மை பூசி மறைத்துவிடலாம் என்றான் இன்னொருவன். யாம் வாளாவிருந்தோம். பிழைக்குக் காரணமானவன் தீர்ப்புச் சொல்லலாகாது அல்லவா?

தையல் வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த தமக்கையார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்கள் ஆலையில் ஒரு தையல் பிசகினால் பிரித்துத்தான் தைக்க வேண்டும். மேலே பூ வைத்துத் தைத்தால் மேஸ்திரிக்குத் தெரியாமல் போகலாம், தைத்தவளுக்குத் தெரியுமே" என்றார். பிறகு எம்மை நோக்கி, "தம்பி, நீ சொன்ன யோசனைதானே இது?" என்று மட்டும் கேட்டார். அட்டையையும் நடுப் பாரத்தையும் மாற்றி அச்சிடும் செலவு ரூபாய் 2,200-ஐ யாம் ஏற்றோம். அதுவே நியாயம்.

ஆனால் பிஹோல்டருக்குப் பதில் யார்? கொள்ளிவாய்ப் பேய் என்றான் ஒருவன். பழையனூர் நீலி என்றாள் ஒருத்தி. தமக்கையார் அடுப்படியிலிருந்தவாறே, "நம் தெருக் கதவிலேயே எழுதியிருந்ததே, அதை மறந்தீர்களா?" என்றார்.

பெங்களூரில் பல ஆண்டு வாழ்ந்தவர்கள் அறிவர். 1990-களில் இந்நகரத்து வீட்டுக் கதவுகளில் 'நாளே பா' என்று கன்னடத்தில் எழுதி வைத்தனர். 'நாளை வா' என்று பொருள். இரவில் ஒரு பேய் வந்து கதவைத் தட்டும், வீட்டார் குரலிலேயே அழைக்கும், திறந்தவர் பிழையார். கதவிலுள்ள எழுத்தைப் படித்தால், நாளை வரலாம் என்று திரும்பிப் போய்விடும். மறுநாள் வந்தாலும் அதே எழுத்து! 2018-ல் வெளிவந்த 'ஸ்த்ரீ' என்னும் இந்தித் திரைப்படம் இவ்வூர் நம்பிக்கையைத் தழுவியதே. படம் எடுத்தவருக்குப் படம் சொந்தம். பேய் ஊருக்குச் சொந்தம்.

பிள்ளைகள் பொதுத் தொகுப்பிலுள்ள ஆவியின் பட்டியலை எடுத்துக்கொண்டனர்; அதற்கு 45 உயிர்ப்புள்ளிகள். அதனோடு கதவெழுத்து விதியைத் தாமே இயற்றிச் சேர்த்தனர். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பின் வரிசை வீடுகளில் அப்பேய் ஒவ்வொரு கதவாகத் தட்டிச் செல்கிறது. தாயின் குரலில் அழைக்கிறது. ஆனால் குரலைத்தான் அதனால் திருட முடியும். வீட்டுப் பேச்சைத் திருட முடியாது. தருமபுரிப் பக்கத்துத் தாய் "கண்ணு, கதவைத் தெற" என்று அழைப்பாள். பேயோ "மகனே, கதவைத் திற" என்கிறது. அந்த வேற்றுமையைச் செவியால் அறிந்த ஆட்டக்காரர் தப்புவார். அறியாதவர் கதவைத் திறந்துவிடுவார்.

இதைக் கேட்டபோது எமக்கு மெய் சிலிர்த்தது. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும், வீட்டில் பாதித் தமிழும் என்று வளரும் நம் பிள்ளைகளுக்குத் தாய்ப்பேச்சைத் தெரிந்திருப்பதே உயிர் காக்கும் கருவியாகும் ஆட்டத்தை அமெரிக்காவிலுள்ள எந்தக் கம்பெனி எழுதித் தரும்?

நம் வீட்டுப் பிள்ளைகள் இத்தகைய ஏடு எழுதினால் பெற்றோர் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

1. எடுக்கும் பூதம் ஒவ்வொன்றும் பொதுத் தொகுப்பில் இருக்கிறதா என்று பெயர் பெயராகச் சரிபார்க்க வேண்டும். கடையில் விற்கும் விதிநூலில் இருப்பதனால் மட்டும் அது பொதுவாகிவிடாது.

2. தொகுப்பின் முதற்பக்கத்தில் கொடுத்துள்ள நன்றிக் குறிப்பை அவ்வாறே ஏட்டில் அச்சிட வேண்டும். மாற்றம் செய்திருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

3. 'ஐந்தாம் பதிப்பு விதிகளுக்கு ஏற்றது' என்று குறிப்பிடலாம். கம்பெனியின் சின்னத்தை அட்டையில் இடுவதும், அவர்களே ஒப்புதல் தந்தது போலக் காட்டுவதும் ஆகா.

4. படங்களைப் பிறர் நூலிலிருந்து எடுக்கலாகாது. வீட்டில் வரையத் தெரிந்த பிள்ளை ஒன்று இல்லாமற் போகாது.

5. நாட்டுப்புறப் பேய்கள் பொது. அவற்றைத் தொகுத்தவரின் வாசகம் பொது அன்று. சென்னைப் பிளாஃப்ட் பதிப்பகம் நம் நாட்டுப் பேய் பூதங்களைத் தொகுத்து ஆங்கிலத்தில் ஒரு பெரு நூல் வெளியிட்டிருக்கிறது. அதைப் படித்து அறியலாம். பத்தி பத்தியாகப் பெயர்த்து எழுதலாகாது. பாட்டியிடம் கேட்டு நம் சொல்லில் எழுதுவது அதனினும் நன்று.

6. ஷரத்துகளை அச்சிடுவதற்கு முன் படிக்க வேண்டும். மாமன்மார் சொல்லை மட்டும் நம்பலாகாது.

சென்ற பொங்கல் விழாவில் ரூபாய் 150 வீதம் 47 பிரதிகள் விற்றன. பின்னர் 8 பிரதிகள் விற்றன. வரவு 8,250, செலவு 8,200. இலாபம் ரூபாய் 50. தமக்கையாரின் சீட்டுப் பணம் திரும்பியது. எம் பணமும் திரும்பியது. அந்த ஐம்பது ரூபாய்க்குப் பிள்ளைகள் ஐவரும் தேநீர் அருந்தினர். எமக்குப் பங்கு தரவில்லை.

மிஞ்சிய ஐந்து பிரதிகளுள் ஒன்று எமது மேசைமேல் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அந்த அமெரிக்கத் தொகுப்புக்கு முறைப்படி நன்றி கூறியிருக்கிறார்கள். அதற்குக் கீழே பிள்ளைகளே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: இவ்வேட்டில் தாங்கள் இயற்றிய 'நாளை வா' பேயின் விதிகளை எவரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம், தங்கள் பெயரைக் குறிப்பிட்டால் போதும்.

வாங்கியவர்கள் கொடுக்கவும் கற்றுக்கொண்டனர். நம் அன்பர் இல்லங்களில் பேய்க்கதை அறிந்த பாட்டிமார் இருப்பார்களாயின், இம்மாதமே பிள்ளைகளை அவர்கள் அருகில் அமர்த்திக் கேட்கச் செய்வார்களாக. நாளை வா என்று பேயிடம் சொல்லலாம்; பாட்டியிடம் சொல்லலாகாது.